முந்தும்போது இழுவையை இழக்கும் வான்: டேர்போ மிகையழுத்தத்தை இனங்காண்பது எப்படி?

மாங்குளத்துக்குத் தெற்கே ஏ9 வீதியில், இரவு பதினொரு மணிக்கு மேல், ஒரு டீசல் வான் நெல் ஏற்றிய லொறியொன்றை முந்திக்கொண்டிருந்தது. பாதித் தூரம் போனதும் வான் இழுவையை இழந்துவிட்டது. அக்சிலேற்றரை அடிவரை மிதித்தும் வேகம் கூடவில்லை. எதிரே வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சாரதி பிறேக் பிடித்து லொறியின் பின்னால் மறுபடி ஒதுங்கித் தப்பினார். வானுக்குள் கொழும்பு வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பும் நோயாளிகள் நித்திரையில் இருந்தார்கள். ஓரங்கட்டி, என்ஜினை நிற்பாட்டி, திறப்பை மறுபடி போட்டபோது வான் ஒன்றும் நடக்காதது போல ஓடியது. அடுத்த லொறியை முந்தும்போது திரும்பவும் அதே கதை.

அந்த வானின் உரிமையாளர் கிளிநொச்சியில் இருக்கும் ஓர் அக்கா. கணவர் இல்லை. வான் லீசிங்கில் எடுத்தது. சம்பளத்துக்குச் சாரதி வைத்து ஹயர் ஓடுவதில்தான் வீடு நடக்கிறது. கராஜ் ஒன்றில் காட்டியிருக்கிறார். "தம்பி, டேர்போ போட்டுதாம். புதுசுதான் மாத்தோணுமாம். அவை சொல்லுற காசுக்கு நான் எத்தினை மாத லீசிங் கட்டலாம். உண்மையாவே மாத்தத்தான் வேணுமோ?" என்று தொலைபேசியில் கேட்டார். ஸ்பானர் பிடித்துப் பழகிய கை என்பதால் இப்படியான அழைப்புகள் எனக்கு வருவதுண்டு. அந்த வானுக்கு என்ன நடந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், டேர்போ என்ன செய்கிறது என்பதையும் அது எப்படி அளவு மீறுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பிறகும் விலை எங்களில் பெரும்பாலானோருக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. ஆகவே, இருக்கிற பழைய டீசல் வான்களையும் டபிள் கப்களையும் இன்னும் பல வருடங்களுக்கு ஓட்டத்தான் போகிறோம். இந்தக் கோளாறும் அவற்றோடு கூடவே வரப்போகிறது.

டேர்போ செய்யும் வேலை

சைலன்சருக்குப் போகும் புகைக்காற்று ஒரு சிறிய சில்லைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சில்லு வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்றுக் கூடினால் அதற்கேற்ப டீசலையும் கூட்டி எரிக்கலாம். டேர்போ என்பது இவ்வளவுதான். அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது சாதாரணம். அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே.

புகைக்காற்று முழுவதையும் சில்லின்மேல் விட்டுக்கொண்டே இருந்தால் அழுத்தம் எல்லை மீறும். அதைக் கட்டுப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. பழைய முறையில் வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு இருக்கும். அழுத்தம் குறித்த அளவை எட்டியதும் அது திறந்து, புகையில் ஒரு பகுதியைச் சில்லைத் தொடாமல் வெளியே விடும். பழைய பஜெரோவின் 4எம்40 என்ஜின் இந்த வகை. புதிய முறையில் சில்லைச் சுற்றி அசையும் தகடுகள் இருக்கும். என்ஜின் மெதுவாக ஓடும்போது தகடுகள் ஒடுங்கிப் புகையை வேகமாகச் சில்லின்மேல் பீய்ச்சும். வேகம் கூடும்போது அவை விரிந்து வழிவிடும். கிணற்றடியில் தண்ணீர்க் குழாயின் வாயைப் பெருவிரலால் அமத்திப் பிடித்தவர்களுக்கு இது விளங்கும். எங்கள் வீதிகளில் ஓடும் பழைய 'டொல்பின்' வான்களில் பெரும்பாலானவற்றுக்கு டேர்போவே இல்லை. அதனால்தான் அவை மெதுவாக ஓடினாலும் இந்தத் தலையிடி தெரியாமல் ஓடுகின்றன.

மிகையழுத்தம் என்பது, என்ஜின் கணினி கேட்ட அழுத்தத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடிய அழுத்தம் சில விநாடிகளுக்கு நீடிப்பது. உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை மேப் சென்சர் அளக்கிறது. அளவு மீறினால் கணினி பி0234 என்ற பிழைக்குறியைப் பதிந்து, டீசலைக் குறைத்து, வாகனத்தை நொண்டி ஓட்டத்துக்குத் தள்ளிவிடும். லிம்ப் மோட் என்று கராஜில் சொல்வது இதைத்தான். பல வாகனங்களில் திறப்பை நிற்பாட்டிப் போட்டதும் அந்தத் தடை நீங்கிவிடும். சுமையோடு முழு மிதி மிதிக்கும்போது மட்டும் வருவதும், திறப்பைத் திருப்பினால் போய்விடுவதும் இந்தக் கோளாறின் கைரேகை மாதிரி. டேர்போ உண்மையிலேயே உடைந்திருந்தால் திறப்பைத் திருப்புவதால் அது குணமாகாது. அக்காவின் கதையைக் கேட்டதும் எனக்கு முதலில் பட்டதும் இதுதான்.

கணினி இப்படி முடக்குவதை எரிச்சலாக நினைக்கவேண்டாம். அது முடக்காவிட்டால் ஹெட் கஸ்கெட் போகும், பிஸ்டன் தாங்காது, டேர்போ தண்டு அளவுக்கு மீறிச் சுழன்று தன் பெயரிங்கைத் தின்றுவிடும்.

அழிக்க முன் வாசியுங்கள்

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதைச் செய்த மெக்கானிக்மார் காதாலும் கையாலும் என்ஜினை வாசித்தவர்கள். அவர்களிடம் பழகியவர்கள் இன்னும் வடக்கில் வேலை செய்கிறார்கள். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மிகையழுத்தத்தைக் காதால் பிடிக்க முடியாது. அதற்கு எண்கள் வேண்டும். மறுபக்கம், கையில் ஸ்கானர் வைத்திருக்கும் இளைய தலைமுறை சிலபேர் பிழைக்குறியில் 'டேர்போ' என்ற சொல்லைக் கண்டதும் டேர்போவுக்கு விலை சொல்லிவிடுகிறார்கள். பி0234 'டேர்போ பழுது' என்று சொல்லவில்லை. 'அழுத்தம் கூடிவிட்டது' என்று மட்டுமே சொல்கிறது. காய்ச்சல் என்றால் காய்ச்சல்தான். மலேரியாவா டெங்குவா என்று அது சொல்லாது.

ஸ்கானரைக் கொளுவியதும் பலர் செய்வது பிழைக்குறியை அழிப்பது. அதோடு தடயமும் போய்விடும். பிழை பதிந்த கணத்தில் என்ஜின் சுற்று, வாகன வேகம், சுமை, அழுத்தம் ஆகியவை என்னவாக இருந்தன என்பதைக் கணினி ஒரு படம் பிடித்ததுபோல வைத்திருக்கும். அதை முதலில் எழுதி வைக்கவேண்டும், அல்லது கைத்தொலைபேசியில் படமெடுக்க வேண்டும். கூட வேறு குறிகள் இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். பி0235 முதல் பி0238 வரையானவை அழுத்த சென்சரையும் அதன் வயர்களையும் சுட்டுகின்றன. பி0045 டேர்போவைக் கட்டுப்படுத்தும் சொலனொயிட்டின் மின்சுற்றைச் சுட்டுகிறது. பி0299 இதற்கு நேர் எதிரானது. அழுத்தம் போதாது என்பது. பி0234, பி0299 இரண்டும் மாறிமாறி வந்தால் தகடுகள் ஒட்டி ஒட்டி அசைகின்றன என்ற சந்தேகம் வலுக்கும்.

அடுத்து, சென்சர் உண்மை சொல்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு சதமும் செலவில்லாத சோதனை இது. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் திறப்பை மட்டும் போட்டு, ஸ்கானரில் மேப் சென்சரின் அளவைப் பாருங்கள். என்ஜின் ஓடாதபோது உள்ளே இருப்பது வெளிக்காற்றின் அழுத்தமே. யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் கடல் மட்டத்தை ஒட்டிய இடங்கள் என்பதால் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல், அதாவது 1 பார் காட்டவேண்டும். நுவரெலியாவில் நின்று பார்த்தால் 80 அளவில்தான் காட்டும். அது பிழையல்ல, மலையின் உயரம். கிளிநொச்சியில் நின்றுகொண்டு 120 காட்டினால் சென்சர் பொய் சொல்கிறது. அதைக் கழற்றினால் பெரும்பாலும் கரியும் ஒயிலும் கலந்த களிம்பு அப்பியிருக்கும். சென்சருக்கென்று விற்கும் கிளீனர் அடித்துக் காயவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கம்பியால் குத்தக்கூடாது.

இங்கே ஒரு சறுக்கல் உண்டு. சில ஸ்கானர்கள் முழு அழுத்தத்தைக் காட்டும். சில, வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தை மட்டும் காட்டும். முதலாவதில் 2.2 பார் என்றால் இரண்டாவதில் 1.2 பார். இரண்டும் ஒன்றே. பெரும்பாலான டீசல் வான்களுக்கு முழு மிதியில் இது சாதாரண அளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் '2.2 வந்துவிட்டது, டேர்போ பிழை' என்று சொன்ன ஒருவரை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

ஒரே வெடிப்பு, இரண்டு விளைவு

பொனற்றுக்குக் கீழே, சுண்டுவிரலை விட மெல்லிய இறப்பர் ஹோஸ்கள் சில டேர்போவுக்கும் சொலனொயிட்டுக்கும் இடையே ஓடுகின்றன. எங்கள் வெக்கையில் அவை காய்ந்து வெடிப்பது அதிகம். அந்த வெடிப்பின் விளைவு வாகனத்தின் வகையைப் பொறுத்து தலைகீழாக மாறும்.

வேஸ்ட்கேட் வகையில், டேர்போ தரும் அழுத்தமே அந்த ஹோஸ் வழியாகப் போய்க் கதவைத் திறக்கிறது. ஹோஸ் வெடித்தால் அழுத்தம் கதவுக்குப் போய்ச் சேராது. கதவு திறக்காது. மிகையழுத்தம் வரும். தகடு வகையில் பெரும்பாலானவை வாக்குவத்தால் இயங்குபவை. வாக்குவம் இழுத்தால் தகடுகள் ஒடுங்கும். வாக்குவம் இல்லாவிட்டால் விரியும். ஆகவே ஹோஸ் வெடித்தால் இங்கே வருவது அழுத்தக் குறைவு. தகடு வகை வாகனத்தில் மிகையழுத்தத்துக்காக வாக்குவம் ஒழுகுகிறதா என்று நாள் முழுக்கத் தேடுவது வீண் வேலை. அங்கே தேடவேண்டியது, வாக்குவம் ஏன் விட்டுப் போகவில்லை என்பதையே.

அந்த வகையில் மிகையழுத்தத்துக்கு நான் பொதுவாகக் காணும் காரணங்கள் மூன்று. கரி பிடித்துத் தகடுகள் ஒடுங்கிய நிலையில் இறுகிவிடுவது முதலாவது. சொலனொயிட் வாக்குவத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டாவது. மூன்றாவது மனிதக் கை: முந்திய வேலையில் சொலனொயிட்டின் ஹோஸ்களை இடம் மாற்றிக் கொளுவிவிடுவது, அல்லது கம்பியின் நீளத்தையும் நிறுத்து ஸ்கிரூவையும் 'இழுவை கூட்ட' என்று திருகி வைப்பது. வான் எப்போதிருந்து இப்படி என்று கேட்டால், 'போன முறை என்ஜின் வேலை செய்த பிறகு' என்ற பதில் வரும். அப்படி வந்தால் பாதி வேலை முடிந்தது. இழுவை கூட்டும் சிப் பெட்டி ஏதாவது பூட்டப்பட்டிருந்தால், சோதனைக்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும்.

மின்மோட்டாரால் தகடுகளை அசைக்கும் வகையும் உண்டு. அதில் மோட்டாரின் உள்பற்சில்லுகள் தேய்வதும், நிலையை அளக்கும் சென்சர் தவறுவதும் நடக்கும். அங்கே ஸ்கானரால் மோட்டாரை அசைத்துப் பார்க்கத்தான் வேண்டும்; புதிது போட்டால் அதன் நிலையைக் கணினிக்குப் பழக்கவும் வேண்டும்.

கம்பி சொல்லும் சாட்சி

வாக்குவ வகையில் டேர்போவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய டப்பா இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி தகடுகளின் நெம்புக்குப் போகும். என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கம்பியை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலானவற்றில் ஸ்டார்ட் செய்ததும் கம்பி உள்ளே இழுபடும். நிற்பாட்டியதும் திரும்பி வெளியே வரவேண்டும்.

வராவிட்டால் அவசரப்பட்டு டேர்போவைக் குற்றஞ்சாட்டவேண்டாம். டப்பாவில் இருக்கும் ஹோஸைக் கையால் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் கம்பி அப்படியே நின்றாலோ, ஊர்ந்து ஊர்ந்து வந்தாலோ தகடுகள் கரியில் இறுகியிருக்கின்றன. கழற்றிய கணத்தில் 'டக்' என்று திரும்பினால் தகடுகள் சுதந்திரமாக இருக்கின்றன. பிழை அந்த ஹோஸின் மறுமுனையில், சொலனொயிட்டின் பக்கம். பல லட்சம் ரூபாவைக் காப்பாற்றக்கூடிய சோதனை இது. சூடான என்ஜினில் செய்யும்போது கையைச் சுட்டுக்கொள்ளாமல் கவனமாகச் செய்யவேண்டும்.

கையால் இயக்கும் வாக்குவம் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது. மெல்ல மெல்ல வாக்குவத்தைக் கூட்டும்போது கம்பி துள்ளாமல் சீராக அசைந்து கடைசி நிறுத்தம் வரை போகவேண்டும். அங்கே வைத்து ஒரு நிமிடம் பார்த்தால் முள் இறங்கக்கூடாது. இறங்கினால் டப்பாவின் உள் இறப்பர் கிழிந்திருக்கிறது. பிறகு மெல்ல மெல்ல விடும்போது திரும்பும் வழியில் எங்கேயாவது தயங்குகிறதா என்று பார்க்கவேண்டும். மிகையழுத்தம் தரும் தயக்கம் இந்தத் திரும்பும் வழியில்தான் இருக்கும். போகும் வழியை மட்டும் பார்த்து 'கம்பி ஓகே' என்று சொல்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

அக்காவின் வானுக்கு வருவோம். நிற்பாட்டியும் கம்பி உள்ளேயே நின்றது. ஹோஸைக் கழற்றியதும் டக்கென்று வெளியே வந்தது. சொலனொயிட்டுக்கு மூன்று வாய்கள்: ஒன்று வாக்குவம் பம்புக்கு, ஒன்று டப்பாவுக்கு, ஒன்று வெளிக்காற்றுக்கு. வெளிக்காற்று வாயில் கட்டைவிரல் நுனியளவு சிறு பில்டர் இருந்தது. கிறவல் வீதிகளின் செம்புழுதி ஒயில் ஈரத்தில் பிடித்து அது செங்கல்லாகியிருந்தது. காற்று உள்ளே வரமுடியாததால் வாக்குவம் விட்டுப் போகவில்லை. தகடுகள் ஒடுங்கியபடியே நின்றன. முழு மிதியில் அழுத்தம் எகிறியது. டேர்போவில் ஒரு குறையும் இல்லை.

வீதியில் வைத்துப் பார்ப்பது

நின்ற இடத்தில் கண்டுபிடிக்க முடியாதவற்றுக்கு ஓட்டிப் பார்க்கவேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. சாரதி வீதியைப் பார்க்க, மற்றவர் ஸ்கானரைப் பார்க்கவேண்டும். ஒருவரே இரண்டையும் செய்யப் போகவேண்டாம். ஆள்நடமாட்டமும் மாடுகளும் இல்லாத நேரான வீதித் துண்டு ஒன்றில், மூன்றாம் கியரில், 1500 சுற்றிலிருந்து 3000 சுற்றுக்கு மேல் வரும் வரை முழு மிதி கொடுத்து, மூன்று எண்களைப் பதிந்துகொள்ள வேண்டும்: கணினி கேட்ட அழுத்தம், உண்மையில் வந்த அழுத்தம், சொலனொயிட்டுக்குக் கொடுத்த கட்டளையின் சதவீதம். சில வாகனங்களில் சதவீதம் கூடினால் அழுத்தம் கூடும், சிலவற்றில் குறையும். எது எப்படி என்பதை முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அழுத்தம் கூடியதும் கணினி கட்டளையை ஒரேயடியாகக் குறைத்திருக்கிறது, ஆனாலும் அழுத்தம் இறங்கவில்லை என்றால் கட்டளை நிறைவேறவில்லை என்று அர்த்தம். தகடுகள் இறுகியிருக்கலாம், அல்லது சொலனொயிட் வாக்குவத்தை விடாமலிருக்கலாம். அழுத்தம் ஒரு கணம் எகிறி, பிறகு மெல்ல இறங்கி ஒழுங்குக்கு வந்தால் தகடுகள் அசைகின்றன, ஆனால் சோம்பலாக. 1500 சுற்றிலேயே நம்பமுடியாத எண் காட்டினால் மறுபடி சென்சரையும் வயரையும் சந்தேகிக்க வேண்டும். சந்தேகம் தீர, முள்ளோடு கூடிய சாதாரண அழுத்தமானி ஒன்றைக் காற்றுக் குழாயில் இணைத்து ஒப்பிடலாம். முள்ளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மோசமான இன்னொரு நிலையும் உண்டு. மேப் சென்சருக்குப் போகும் ஹோஸ் வெடித்திருந்தாலோ அடைத்திருந்தாலோ சென்சர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கணினி இன்னும் இன்னும் கேட்கும். உண்மையில் மிகையழுத்தம் இருக்கும், பி0234 வராது. எண் எல்லாம் சரியாக இருந்தும் டேர்போ வழமையைவிட உரக்க ஊளையிட்டால் இதை நினைவில் வைத்திருங்கள்.

கரி பிடித்திருந்தால்

தகடுகள் இறுகியிருந்தாலும் உடனே புதுசு வேண்டியதில்லை. டேர்போவைக் கழற்றி, புகைப்பக்க மூடியின் நிலையைக் குறித்துவைத்து, கழற்றி, ஊறவைத்துச் சுத்தம் செய்யலாம். சுத்தியலால் தட்டுவது, உப்புத்தாள் போடுவது, சமநிலைப்படுத்தப்பட்ட தண்டைக் கழற்றுவது ஆகியவை டேர்போவைக் கொல்லும் வழிகள். அடுப்புக் கரி நீக்கும் நுரையை அடிப்பவர்களும் உண்டு. அது அலுமினியத்தை அரிக்கும், காற்றுப்பக்கச் சில்லில் படவே கூடாது. திருப்பிப் பூட்டும்போது ஒயில் குழாயைச் சுத்தம் செய்து, டேர்போவுக்குள் ஒயில் விட்டு, அதன்பிறகே ஸ்டார்ட் செய்யவேண்டும். தண்டை விரலால் ஆட்டினால் அது சில்லுக் கூட்டில் உரசுகிறது, சில்லின் விளிம்பு உடைந்திருக்கிறது, இன்டர்கூலர் குழாயில் ஒயில் தேங்குகிறது என்றால் மட்டுமே டேர்போவை மாற்றுவது பற்றிப் பேசலாம்.

கரி ஏன் பிடிக்கிறது என்றும் கேட்கவேண்டும். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்குமான குறுந்தூர ஓட்டம், கூடிய கியரில் என்ஜினை இழுத்து ஓட்டுவது, ஒழுகும் இன்ஜெக்டர், மாற்றாத ஒயில். இடையிடையே ஒரு கியர் குறைத்து 2500, 3000 சுற்றில் சில நிமிடங்கள் ஓட்டினால் தகடுகள் முழுத் தூரமும் அசையும். அதற்கு வேக எல்லையை மீறத் தேவையில்லை. மலிவென்று டீசலோடு மண்ணெண்ணெய் கலப்பவர்களுக்கும் ஒரு சொல்: அன்று மண்ணெண்ணெய் குடித்து ஓடியவை பழைய பெற்றோல் கார்கள். இன்றைய டீசல் வானின் உயரழுத்தப் பம்பும் இன்ஜெக்டரும் டீசலின் வழுவழுப்பில்தான் உயிர் வாழ்கின்றன. மண்ணெண்ணெய் அதைக் குறைத்துவிடும்.

கடைசியாக, கவனியாமல் விட்ட டேர்போவின் ஆபத்து ஒன்று. பெயரிங் போய் என்ஜின் ஒயில் காற்றுப்பாதைக்குள் கசிந்தால், டீசல் என்ஜின் அந்த ஒயிலையே எரித்துத் தானாக வெறிகொண்டு ஓடும். வெள்ளைநீலப் புகை மண்டும். திறப்பை எடுத்தாலும் நிற்காது. கியர் வான் என்றால் கூடிய கியரைப் போட்டு, பிறேக்கை இறுக்கி மிதித்து, கிளச்சை விட்டு நிறுத்தப் பார்க்கலாம். அல்லது காற்று உள்ளே போகும் வாயைத் தட்டையான பலகையால் மூடலாம். கையாலோ துணியாலோ மூடக்கூடாது, உள்ளே இழுத்துவிடும். இரண்டும் முடியாவிட்டால் ஆட்களை இறக்கிக்கொண்டு தூரப் போய்விடுங்கள்.

வாகனம் உங்களுடையது, ஸ்பானர் பிடிக்கத் தெரியாது என்றால், விலை சொல்ல முன் மெக்கானிக்கிடம் இவற்றைக் கேளுங்கள்: என்ன குறி வந்தது? என்ஜின் நிற்கும்போது மேப் எவ்வளவு காட்டியது? ஹோஸைக் கழற்றியபோது கம்பி திரும்பியதா? கேட்ட அழுத்தம் எவ்வளவு, வந்தது எவ்வளவு? நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்படமாட்டார்.

அக்காவின் வானுக்குப் புதிய பில்டர் போட்டு, வெடிக்கத் தொடங்கியிருந்த இரண்டு ஹோஸ்களையும் மாற்றினோம். அன்று பின்னேரம் ஆட்களில்லாமல் மாங்குளம் வரை ஓட்டிப் பார்த்தோம். கேட்ட அழுத்தமும் வந்த அழுத்தமும் ஒட்டியே ஓடின. ஆனாலும் சுமையில்லாத வானில் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும் என்பதால், அடுத்த கொழும்பு ஹயரில் ஸ்கானரைக் கொளுவியபடியே அனுப்பினேன். இரவு இரண்டு மணிக்குச் சாரதி அழைத்தார். "அண்ணை, மூண்டு லொறி முந்தியாச்சு. லைற் வரேல்லை."